ஏரிச் சுற்றும் ஒரு காக்கி டவுசரும்

பவாய் ஏரிக்குப் போகும் வழியை முதலில் தெரிந்துகொண்டது என் மூக்குதான். தாராவியில் ‘சால்’ என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளை விட்டு வெளியே வரும்வரை, தோல் கிடங்குகளின் உப்பும் பச்சைத்தோலும் கலந்த வீச்சம் கூடவே வரும். சயானைத் தாண்டினால் அது கழன்றுகொள்ள, குர்லாவில் இரும்புப் பட்டறைகளின் சூடான எண்ணெய் நெடி வந்து ஏறிக்கொள்ளும். சாக்கி நாக்காவில் வலப்பக்கம் திரும்பிக் கொஞ்சதூரம் மிதித்தால் எருமைத் தொழுவம், நனைந்த புல், விறகுப் புகை. அதற்கப்புறம் ஒரு மேட்டில், கண்ணுக்கு எதுவும் தட்டுப்படும் முன்பே, தண்ணீர் மணக்கும்.

தாராவியில் வளர்ந்தவள் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாக்கடையும் தகரக் கூரையும் தவிர இவள் என்ன பார்த்திருக்கப் போகிறாள் என்ற பரிதாபம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் ஏரி பார்த்து வளர்ந்தவள். ஏரிக்கு அந்தப் பக்கம் அடுக்கடுக்காக எழும்பும் மலைகளையும், கரையோரம் முந்நூறு நானூறு வருஷத்துக் கற்சிலுவைகள் நிற்கும் கிராமங்களையும் சைக்கிளிலிருந்து இறங்காமலே பார்த்தவள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கறுப்பாக நெளிந்துபோகும் மித்தி ஆற்றை எல்லோரும் ‘நாலா’, அதாவது சாக்கடை, என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்கள். அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்தவர்கள் எங்கள் சாலில் நாங்கள் மூன்றே பேர், அப்பா, அண்ணன், நான்.

அப்பாவுக்குக் குர்லாவில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை. வேலைக்குப் போய்வர ஒரு கறுப்புச் சைக்கிள் வைத்திருந்தார். நான் சிறுமியாக இருந்தபோது முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து, மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி நிரம்பி வழிகிறதா என்று பார்க்கக் கூட்டிப்போவார். போன வழியே திரும்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. சயான், குர்லா, சாக்கி நாக்கா வழியாக ஏரிக்கு ஏறி, கரையோரமாகவே கிழக்கே போய், அந்தப் பக்கம் இறங்கி ஆக்ரா ரோட்டைப் பிடித்து, விக்ரோலி, காட்கோபர் வழியாக வீடு வந்து சேருவோம். இதற்கு எங்கள் வீட்டில் ‘ஏரிச் சுற்று’ என்று பெயர். கிளம்பும்போது அப்பா சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “பாதியில திரும்பாதிய.” அதில் தத்துவம் எதுவும் இல்லை. திரும்பினால் மேடும் பள்ளமுமான அந்தச் சாலையை இன்னொரு தடவை மிதிக்கவேண்டும். முன்னால் போனால் ஒரே இறக்கம். அவ்வளவுதான் சங்கதி.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, முன்கம்பியில் உட்காரும் காலம் முடிந்து நானே ஓட்டத் தொடங்கியிருந்தேன். முதலில் கம்பிக்கு நடுவே காலை நுழைத்துக் குரங்குப் பெடல். மைதானத்தில் மராட்டிப் பையன்கள் அதைக் ‘கைஞ்சி’ என்பார்கள். பிறகு கம்பிக்கு மேலே ஏறிவிட்டேன். ஏறியதும் பாவாடை தொல்லை கொடுத்தது. செயினில் சிக்கி இரண்டு பாவாடை நாசமானபின், ஏரிச் சுற்றுக்குப் போகும் நாட்களில் அண்ணனின் காக்கி டவுசரைப் போட்டுக்கொண்டு, பாவாடையைச் சுருட்டிக் கேரியரில் வைத்துவிடுவேன். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் ஆறுமுகம் வாடகைச் சைக்கிளில் கூட வருவான். ராத்திரி ஷிப்டு முடிந்துவந்த அப்பா தூங்கும் நேரத்தில் அவருடைய சைக்கிள் எனக்கு.

இதெல்லாம் செல்லம்மா அத்தைக்கு ஆகாது. அப்பாவின் அக்கா, அதே சாலில் இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அத்தை கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சியோடு முதலில் வந்து நிற்பவள் அவள்தான். ஆனால் அவளுடைய மகன் உல்லாஸ்நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். அவனுக்கு நான் என்று, நான் தொட்டிலில் கிடந்தபோதே முடிவுகட்டியிருந்தாள். நான் பெரியவளாவதற்காக அவள் காத்திருந்தாள். ஆனதும் சடங்கு, சடங்கு முடிந்ததும் பள்ளிக்கூடம் நின்றுவிடும், சைக்கிள் நின்றுவிடும், இரண்டு வருஷத்தில் கல்யாணம். இதை அவள் ரகசியமாக வைத்திருக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் கேட்கச் சொல்வாள்: “எம்மவனுக்குத் துணி மடிச்சுக் குடுக்கதுக்கு எட்டாம் வகுப்பு போதாதாக்கும்?” அம்மா பதில் சொல்லமாட்டாள். அம்மா பதில் சொல்லாதது எனக்கு அத்தையின் பேச்சைவிடப் பயமாக இருந்தது.

அந்த ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஏரி வழிகிறது என்று அப்பா பட்டறையில் கேள்விப்பட்டு வந்து சொல்லியிருந்தார். சாக்கி நாக்கா மேட்டில் ஏறும்போதே எனக்கு அடிவயிற்றில் ஒரு வலி. முந்தின நாள் தின்ற கொய்யாக்காய் என்று நினைத்து, பல்லைக் கடித்து மிதித்தேன். ஏரி வந்தது. அதன் தண்ணீர் சுவர்மேல் ஏறி வழிந்து, வெள்ளையாக நுரைத்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் கறுப்பாக வந்து சேரும் அதே ஆறாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. எதிர்க்கரை மலைகளில் மேகம் இறங்கிக் கிடந்தது. அண்ணன் சைக்கிளைச் சாத்திவிட்டு வாயைப் பிளந்து நின்றான். நான் இறங்கிப் பார்த்தபோது, கொய்யாக்காய் இல்லை என்று தெரிந்துவிட்டது.

எனக்கு அது என்னவென்று தெரியும். சாலில் மூத்த பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வயிற்றுவலி பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்க, இதுதான் கடைசிச் சுற்று என்ற நினைப்புதான் முன்னால் வந்து நின்றது. அண்ணனிடம் சொன்னேன். அவன் காதெல்லாம் சிவந்துபோய், தூரமாகப் போய் ஒரு பாறைமேல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்தே, லாரி பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஏரியைப் பார்த்துச் சொன்னான்.

கொஞ்சதூரத்தில் ஒரு கற்சிலுவை. அதன் மேடையில், மழைக்குக் கோணியைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். சிவப்புக் கட்டம் போட்ட ‘லுகடா’ச் சேலையை மராட்டிக்காரிகளைப்போல் தார்பாய்ச்சிக் கட்டி, கழுத்தில் சிலுவை போட்டிருந்த அந்த ஊர்க் கிறிஸ்தவள். மேரி மௌசி, அதாவது மேரி சித்தி, என்று பெயர். என் டவுசரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வேறு எதுவும் கேட்கவில்லை. கூடையை அண்ணன் பக்கம் நகர்த்தி, பார்த்துக்கொள் என்று கைகாட்டிவிட்டு, பக்கத்திலிருந்த தன் ஓட்டு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாள். பழைய லுகடா ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள், எப்படி வைத்துக்கொள்வது என்று காட்டினாள், மிச்சத்தை என் இடுப்பில் சுற்றிவிட்டு, வெல்லம் போட்ட கறுப்பு டீ ஊற்றினாள்.

டீ குடித்துக்கொண்டே நான் அழுதேன். இனிமேல் இங்கே வரவிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் சொன்னேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. மலைப்பக்கம் கையைக் காட்டி, அங்கே இன்னொரு ஏரி இருக்கிறது, அதற்கடியில்தான் தன் சொந்த ஊர் கிடக்கிறது என்றாள். அவளுடைய பூட்டன் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பட்டணத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று அணை கட்டி ஊரை மூழ்கடித்தார்களாம். ஜனங்கள் இங்கே வந்து, கோவிலை மறுபடி எழுப்பிக்கொண்டார்களாம். “காவ் டூபா, ஹம் நஹி டூபே,” என்றாள். ஊர்தான் மூழ்கியது, நாங்கள் மூழ்கவில்லை. சொல்லிவிட்டு, எனக்குப் பிரியமாக ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி உப்பு தடவிக் கொடுத்தாள்.

வெளியே வந்தபோது அண்ணன் ஒரு லாரியை நிறுத்திவைத்திருந்தான். நான் அதைப் போகச் சொன்னேன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பாதியில் திரும்பக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றேன். கடைசிச் சுற்றாக இருந்தால் அதை முழுச் சுற்றாகவே முடிக்கிறேன், உனக்கு வெட்கமாக இருந்தால் முன்னால் போ, திரும்பிப் பார்க்காதே என்றேன். லுகடாவை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். ஏரியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, சிலுவை மேடைகளையும் தாழ்ந்த ஓட்டு வீடுகளையும் தாண்டி, ஆக்ரா ரோட்டுக்கு இறங்கும் சரிவில் பிரேக்கைத் தொடாமல் விட்டேன். வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வீட்டு வாசலில் குடத்தோடு நின்ற அத்தைதான் முதலில் பார்த்தாள். யாருடையது என்றே தெரியாத ஒரு கட்டம் போட்ட துணி என் இடுப்பில். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவேண்டி இருக்கவில்லை. அத்தை குலவை போடத் தொடங்கினாள். பாதியில் காக்கி டவுசர் அவள் கண்ணில் பட்டது. குலவை அப்படியே நின்றுபோயிற்று.

ஊரில் என்றால் பெரியவளான பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே ஓலையில் ‘குச்சில்’ கட்டிப் பதினாறு நாள் அதில் உட்காரவைப்பார்கள். தாராவியில் குச்சிலுக்கு எங்கே போவது? ஒற்றை அறை வீட்டில் ஒரு மூலையில் கயிறு கட்டி அம்மாவின் சேலையைத் தொங்கவிட்டு, அதுதான் குச்சில் என்றார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்குவார், அண்ணன் படிப்பான், அம்மா சமைப்பாள். எங்கள் ஜனங்கள் செய்த தப்பு இதில்தான் இருந்தது. சேலை கண்ணைத்தான் மறைக்கும் என்பதை மறந்துபோனார்கள். அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் என் காதில் விழுந்தது.

பெரியவளான நேரத்தை வைத்து ‘ருது ஜாதகம்’ கணிப்பது எங்கள் வழக்கம். எந்த நேரம், எந்த இடம், என்ன உடுத்தியிருந்தாள், எல்லாவற்றையும் ஜோசியர் கேட்பார். அதற்கேற்பப் பெண்ணின் வாழ்வைச் சொல்வார். அத்தை அம்மாவிடம் பாடம் படித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில, வீட்டுக்குள்ள, அடுப்படியில நிக்கையில, நீலப் பாவாடை. கோலத்தைப் போட்டு முடித்துவிட்டு வந்து நின்றாள் என்றும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். நான் வாழ்நாளில் கோலம் போட்டதில்லை. அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். என்னைப்பற்றி என் தாய் ஒரு பொய்யை மனப்பாடம் செய்வதைக் கேட்டுக்கொண்டு, நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். என் ஏரியை எடுத்துக்கொண்டு என்னை அடுப்படியில் நிறுத்துகிறார்களே என்று கோபம் கோபமாக வந்தது.

ஜோசியர் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வாரநாட்களில் தாதர் மார்க்கெட்டில் வெங்காயம் நிறுக்கும் வேலை, மற்ற நேரம் பஞ்சாங்கம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்நேரம் என்று கேட்டார். அம்மா சொல்லவேண்டிய இடம். ஒரு சத்தமும் வரவில்லை. அத்தை முந்திக்கொண்டு, காலையில, அடுப்படியில என்று தொடங்கினாள்.

பதினாறு நாள் ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

“அடுப்படியில இல்ல,” என்றேன் சேலைக்குள்ளிருந்து. “மத்தியானம். பவாய் ஏரிக்கரையில. சைக்கிள்ல போகையில.”

வாசலில் கூடிநின்ற பெண்கள் குசுகுசுத்தார்கள். அத்தை சேலைக்குப் பக்கத்தில் வந்து, “ஏட்டி, வாய மூடுட்டி” என்றாள். நான் மூடவில்லை. டவுசர் போட்டிருந்தேன், காக்கி, அண்ணனோடது என்று அதையும் சொன்னேன். ஒரு மௌசி துணி கொடுத்தாள், டீ கொடுத்தாள், நான் முழுச் சுற்றும் சுற்றிவிட்டுத்தான் வந்தேன் என்றேன். குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று சொல்லி முடித்தேன்.

பஞ்சாங்கத்தை மூடும் சத்தம் கேட்டது. ஜோசியர் அம்மாவிடம் கேட்டார்: “நீங்க சொல்லுங்க தாயி. எதைப் போடட்டும்?”

அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவள் பதில் சொல்லாதது எனக்கு எவ்வளவு பயம் என்று முன்பே சொன்னேன்.

“பிள்ள சொன்னதப் போடுங்க,” என்றாள் அம்மா.

அவர் போட்டார். என்னென்னவோ கிரகங்களைச் சொன்னார். அதில் எனக்கு ஞாபகமிருப்பது, நீர்க்கரை, வாகனம், இவள் ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்பது மட்டும்தான். அதைச் சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். அத்தைக்கு அது போதுமாக இருந்தது. “ஊரு சுத்துதவளக் கெட்டிட்டுப்போய் எம்மவன் என்ன செய்ய,” என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். உல்லாஸ்நகர்க்காரனுக்கு அடுத்த வருஷமே வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். அவர் நல்ல மனிதர். கல்யாணத்தில் என்னைப் பார்த்து, எனக்கும் உன்னைக் கட்டப் பயமாகத்தான் இருந்தது என்று சிரித்தார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்கவேண்டாம். அத்தை எங்களோடு பேச்சை விட்டாள்; அவளுடைய கஞ்சி அப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. குழாயடியில் அம்மா கேட்டுக்கொண்டு வந்த பேச்சுக்குக் கணக்கில்லை. சடங்கன்று அத்தை செய்யவேண்டியதைச் செய்ய ஆளில்லாமல், தூரத்து உறவில் ஒருத்தியைச் செம்பூரிலிருந்து கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். அன்று உடுத்தியிருந்த துணியைச் சலவைக்காரிக்குக் கொடுத்துவிடவேண்டும் என்பது முறை. முறைப்படி காக்கி டவுசர் போயிற்று. அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு இருந்தது அது ஒன்றுதான். இன்னொன்று தைத்துக் கிடைக்கும்வரை அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனதை, எழுபத்தைந்து வயதிலும் சொல்லிக்காட்டுகிறான்.

எல்லாம் ஓய்ந்தபின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் சைக்கிளை வெளியே எடுத்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குவதுபோல் கிடந்தார். அம்மா வாசலை மறித்து நின்றாள். நானும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றேன். அந்த வாசலைத் தாண்டமுடியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கும் தாண்டமுடியாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“அவன் டவுசர எடுக்காத,” என்றாள். “அவனுக்கு வேற இல்ல.” பிறகு வழியை விட்டாள். கேரியரில் எனக்கு அளவாக, அவளுடைய பழைய சேலையில் தைத்த ஒரு பைஜாமா மடித்து வைத்திருந்தது.

அந்தப் பைஜாமாவில் மெட்ரிக் முடிக்கும்வரை ஏரியைச் சுற்றினேன். அப்புறம் வேலை, முலுண்டில் வீடு, எல்லாம் வந்தது.

இப்போது அந்தச் சாலையில் என்னால் சைக்கிள் விடமுடியாது; என் முட்டியும் விடாது, லாரிகளும் விடா. தொழுவங்கள் இல்லை. மலைகளுக்கு முன்னால் கண்ணாடி மாடிகள் எழும்பிவிட்டன. மேரி மௌசி வெள்ளரிக்காய் விற்ற சிலுவை மேடை எங்கே போயிற்றென்று தேடினேன், கிடைக்கவில்லை. ஞாயிறு விடியலில் தலைக்கவசமும் இறுக்கமான சட்டையும் போட்ட பிள்ளைகள் கூட்டமாக அதே வழியில் சைக்கிளில் போகிறார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் குடியிருப்பில்தான் இருக்கிறான். நானும் அந்தப் பக்கம் சுற்றியிருக்கிறேன் என்றதற்கு, அது ரொம்ப ஈஸியான ரூட் ஆன்ட்டி என்றான். ஆமாம் என்றேன். சாலை எப்போதுமே ஈஸிதான் தம்பி, வாசலைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்று சொல்ல வந்து, விட்டுவிட்டேன்.

போன வருஷம் அண்ணனின் பேத்திக்கு முலுண்டில் ஒரு ஹாலில் சடங்கு. ஓலையும் இல்லை, சேலையும் இல்லை. நாற்காலி, பூ அலங்காரம், வீடியோ. பெரியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் காலத்துச் சடங்கைப்பற்றி இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று ஒரு பெண் மைக்கை நீட்டிக்கொண்டே வந்தாள். கிழவிகள் எல்லோரும் வீட்டில்தான் பெரியவளானார்கள்; பாதிப்பேர் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது. என்முறை வந்தது. முன்வரிசையில் அண்ணன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். மேடையில் நகைகளுக்கு நடுவே வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்த குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தது.

நான் மைக்கை நன்றாக வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

“பவாய் ஏரிக்கரையில,” என்றேன். “எங்க அப்பா சைக்கிள்ல. பாதியில திரும்பல.”